அரைக்கண் ராஜா

சிங்கப்பூரில் கண் என்று சொல்லத்தக்கவை இரண்டே இரண்டுதான். அவை இரண்டும் அழகப்பனின் முகத்தில் இருந்தன. மற்றவர்களிடம் இருந்தவை இடித்துக்கொள்ளாமல் தெருவில் நடப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

இது என் கருத்தன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில், தேக்கா மார்க்கெட்டுக்கு அருகே கெர்போ ரோட்டில் நாங்கள் குடியிருந்த மாடியறையில், சவரம் செய்துகொண்டே கண்ணாடியைப் பார்த்து அழகப்பன் அறிவித்த செய்தி. அவன் சிரிக்கவில்லை. கண்களைப் பற்றிப் பேசும்போது அவன் சிரிப்பதில்லை. சிரித்தால் கண் சுருங்கும்.

அறையில் நாங்கள் மூவர். மூவரும் புக்கிட் தீமா ரோட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் அறைக்குக் கீழே மிளகாய், மல்லி அரைக்கும் கடை. காலையில் மெஷின் ஓடத் தொடங்கினால் மூவருக்கும் கண்ணீர் வரும். நானும் முத்துசாமியும் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வோம். அழகப்பன் மட்டும் வெள்ளரித் துண்டு இரண்டை இமைமேல் வைத்துக்கொண்டு, படகு வரக் காத்திருப்பவனைப் போல மல்லாந்து கிடப்பான். தேக்காவில் எங்களுக்கு வெள்ளரிக்காய் விற்ற அம்மா, வீட்டில் யாரோ சமைக்கத் தெரிந்தவர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

முத்துசாமியின் வலது மேலிமை பிறந்ததிலிருந்தே தொங்கியது. கடைக்காரர் பாதி இறக்கிவிட்டு மறந்துபோன கதவைப் போல அது கண்மணியின் மேற்பாதியை மூடியிருந்தது. ஆகவே எதையாவது பார்க்க வேண்டுமானால் அவன் புருவத்தை ஏற்றி, தாடையைத் தூக்கி, இமைக்குக் கீழே கிடைத்த சந்து வழியாகப் பார்ப்பான். விரிவுரையாளர்கள் அவன் தூங்குவதாக நினைத்தார்கள். சக மாணவர்கள் அவனுக்குத் திமிர் என்று நினைத்தார்கள். அவன் கரும்பலகையைப் படிக்க முயன்றுகொண்டிருந்தான்.

அழகப்பனுக்கு இந்தத் தாடை தீராத பொழுதுபோக்கு. “வானத்துல காக்கா எண்ணுறான் பாரு” என்பான். பரீட்சை நாட்களில் முத்துசாமி பிளாஸ்திரியை மெலிதாக வெட்டி, இமையை மேலே இழுத்துப் புருவத்தோடு ஒட்டிக்கொள்வான். அப்போது அழகப்பன் எங்கள் இருவரையும் பிடித்து நிறுத்தி, “ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துட்டாருலா, காத்து நல்லா வரும்” என்பான். முத்துசாமி கோபித்துக்கொள்ள மாட்டான். கோபத்துக்கும் புருவத்தை ஏற்ற வேண்டும். அவனுக்குச் சாயங்காலத்துக்குள் நெற்றி வலிக்கத் தொடங்கிவிடும்.

இப்படியாக உலகம் ஒழுங்காக இருந்தபோது எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் நாடகத்துக்கு ஆள் எடுத்தது.

நாடகம் எழுதி நடத்துபவர் அப்துல் அலீம். சட்ட மாணவர், எங்களைவிட மூத்தவர். அவருடைய தம்பிமார்கள் ‘நானா’ என்று கூப்பிடுவதைக் கேட்டு நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அந்த வருடத்து நாடகத்தில் மாறவேலன் என்று ஒரு ராஜா. குற்றமற்ற மந்திரிக்குத் தண்டனை கொடுத்துவிடுகிறான். ராணி சபைக்கு வந்து, “என்னைப் பாருங்கள், அரசே” என்று தொடங்கி இரண்டு பக்க வசனத்தில் குற்றம் சாட்டுகிறாள். அவ்வளவு நேரமும் ராஜா ஒரு வார்த்தை பேசுவதில்லை. நாடகமே அந்தக் காட்சிதான்.

“வசனம் எவனும் பேசிடுவான்” என்றார் அலீம் நானா. “ராஜா எப்படிக் கேக்குறான்னு எனக்குப் பார்க்கணும்.”

ஆகவே ராஜா வேடத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெஞ்சின்மேல் ஏறிச் சும்மா நிற்க, எதிரே நின்று நான் ராணியின் வசனத்தைப் படித்தேன். நான்தான் சங்கத்தின் ஒப்பனைக்காரனும் பின்னணியில் வசனம் எடுத்துக் கொடுப்பவனும். என்மேல் இதுவரை யாரும் பொறாமைப்பட்டதில்லை என்பதால் இந்தக் கதையைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

அழகப்பன் ஏறினான். இரண்டு கண்களையும் முழுவதுமாகத் திறந்தான். நான் படிக்கப் படிக்க இன்னும் திறந்தான். இதற்குமேல் திறக்க இடமில்லை என்ற நிலையில் வசனம் முடிந்தது. வேறு இருவர் ஏறினார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தது. திரை இழுக்க வந்திருந்த முத்துசாமியை, ஆள் போதவில்லை என்று நானா பெஞ்சின்மேல் ஏற்றினார். அவனுக்கு நடிக்கும் எண்ணம் கிடையாது. என் கையிலிருந்த காகிதத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினான். புருவத்தை ஏற்றினான். தாடையைத் தூக்கினான். பாதி மூடிய கண்ணால் உயரத்திலிருந்து என்னைப் பார்த்தான்.

எனக்கு வசனம் தடுமாறியது. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டு அரண்மனையில் நிற்பதுபோல இருந்தது. கூடத்தில் யாரும் அசையவில்லை.

“ராஜா அகப்பட்டுட்டார்” என்றார் நானா மெதுவாக.

அழகப்பனுக்குச் சேனாதிபதி வேடம் கிடைத்தது. சேனாதிபதி இரண்டு முறை வந்து “ஆணை அரசே” என்று சொல்லிவிட்டுப் போவார்.

ராணி வேடம் சந்திரமதிக்கு. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பெண்பிள்ளைகள் மேடையேறுவது அப்போதுதான் வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவளுடைய அம்மா ரத்தினம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருந்தார்: சங்கத்து ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் அவள் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் சங்கத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். சந்திரமதியும் என்னை அண்ணே என்றாள். அலீம் நானாவை நானா அண்ணே என்றாள். சேனாதிபதியின் குதிரையாக வந்த அஸ்மத், அவளைவிட இரண்டு வயது இளையவன். அவனையும் அண்ணே என்றாள்.

ஒத்திகை தொடங்கிக் கொஞ்ச நாள் கழித்து, பஸ்ஸிலிருந்து இறங்கி மார்க்கெட் வழியாக நடந்து வரும்போது, மீன் கடைகளுக்கு நடுவே அழகப்பன் நின்றுவிட்டான்.

“நீ கவனிச்சியா?”

“என்ன?”

“அவனை மட்டும் அண்ணேன்னு கூப்பிடல.”

எனக்கு உடனே ஒப்புக்கொள்ளத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தேன். முத்துசாமியிடம் பேசும்போது அவள் ‘இந்தாங்க’ என்றாள். ‘இங்க பாருங்க’ என்றாள். அவன் தூரத்தில் இருந்தால் யாரையும் கூப்பிடாமல் நடந்து பக்கத்தில் போய் நின்றாள். அண்ணேயும் இல்லை, முத்துசாமியும் இல்லை. எங்கள் அம்மாக்கள் எங்கள் அப்பாக்களைக் கூப்பிடுகிற அதே முறை.

“மறந்திருப்பா” என்றேன்.

“குதிரைய மறக்கல. இவனை மட்டும் மறந்துட்டாளா?” என்றான் அழகப்பன். சுற்றிலும் மீன்கள் இமையே இல்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. “எல்லாம் அந்த இமைதான். பாதிக் கண்ணைப் பார்த்தா பொம்பளைங்களுக்கு மீதியையும் பார்க்கணும்னு இருக்கும். முழுசாக் காட்டினா மதிப்பு இல்ல. முப்பது நாளும் திறந்திருக்கிற கடையைத் தேடி எவன் வருவான்?”

அன்றிலிருந்து அவன் முத்துசாமியின் நலனில் அக்கறை காட்டத் தொடங்கினான். மருத்துவம் படிக்கும் யாக்கூப் என்ற நண்பனிடம் விசாரித்தான். இமையைத் தூக்கிவிட அறுவை சிகிச்சை இருக்கிறதென்றும், பெரியாஸ்பத்திரிக் கண் பிரிவில் செய்கிறார்கள் என்றும், முடிந்தபின் சில வாரம் கட்டும் வீக்கமுமாக இருக்க வேண்டும் என்றும் தெரிந்துகொண்டான். பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. இந்தக் கணக்கை அவன் முத்துசாமியிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான்; நான் நடுநிலையானவன்.

“நாளைக்கு வாத்தியார் வேலைக்குப் போவே. பசங்க எல்லாம் உன்னை மாதிரியே தாடையைத் தூக்கிட்டு உக்காந்திருப்பானுங்க. நல்லாவா இருக்கும்?” என்று அவன் உருக்கமாகக் கேட்டான். முத்துசாமிக்கு இதே பயம் வெகுநாளாக இருந்தது. ஆனால் கத்திப் பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. “நீ கூட வர்றியா?” என்று மட்டும் கேட்டான். அழகப்பன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டான்.

கண் பிரிவில் வெளியே நீண்ட பெஞ்சு. நானும் போயிருந்தேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சீனப் பெரியவர் நிற்காமல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரோ செத்துவிட்டதாக நினைத்து அழகப்பன் அவர் தோளைத் தட்டித் தனக்குத் தெரிந்த மலாயில் ஆறுதல் சொன்னான். அவர் தம் கீழிமையைச் சுட்டிக் காட்டினார். அது தளர்ந்து வெளிப்பக்கமாகப் பிதுங்கித் திரும்பியிருந்தது. கண்ணீர் உள்ளே தங்க வழியில்லாமல் கன்னத்தில் வழிந்தது. இறுக்கித் தைத்துவிட்டால் சரியாகிவிடுமாம். அந்தப் பக்கம் இருந்த பூவம்மா என்ற அம்மாளுக்கு நேர் எதிர்க் கோளாறு. கீழிமை உள்பக்கமாகச் சுருண்டு, ரோமமெல்லாம் கருவிழியில் உரசியது. தைக்கும் நாள் வரைக்கும் உரசாமலிருக்க, இமையைக் கீழே இழுத்துக் கன்னத்தோடு பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். “சொந்த மயிரே குத்துதுப்பா, யாரை நோவ” என்றார்.

அழகப்பன் பெஞ்சு முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் இமைகளைத் தடவிக்கொண்டான். அவை இருந்தன.

டாக்டர் லிம் முத்துசாமியை உட்கார வைத்து, புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கீழே பார்க்கச் சொன்னார், மேலே பார்க்கச் சொன்னார். சிறிய அளவுகோலை இமை ஓரத்தில் வைத்தார். நெற்றியின் உதவி இல்லாமல் இமை கிட்டத்தட்ட அசையவே இல்லை. தூக்கும் தசை பிறவியிலேயே வலுவில்லாதது. கொஞ்சமாவது வலு இருந்தால் அதையே வெட்டிச் சுருக்கித் தைக்கலாம். இதற்கு அது போதாது என்றார். தொடையிலிருந்து மெல்லிய நார்ப் பட்டை எடுத்து, இமைக்குள் கோத்து, புருவத்துக்கு மேலே உள்ள தசையோடு கட்டிவிடலாம். “நீங்கள் நெற்றியால் தூக்கத்தான் இத்தனை வருடமாக முயற்சி செய்கிறீர்கள். நான் ஒரு கயிறு கொடுக்கிறேன், அவ்வளவுதான்.” கத்தி வேண்டாமென்றால் மூக்குக் கண்ணாடியில் சிறு கம்பி வைத்து இமையைத் தாங்கவும் செய்யலாம் என்றார். முத்துசாமி வெகுநேரம் யோசித்துவிட்டுக் கயிறு என்றான்.

டாக்டருக்கு அந்த இமை மிகவும் பிடித்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாரும் சூழ்ந்து நின்று குனிந்து பார்த்தார்கள். அழகப்பன் மூலையில் நின்றான். அவன் நின்ற இடத்தில் யாரும் குனியவில்லை. சற்று நேரத்தில் டாக்டர் திரும்பி, “நீங்கள் கொஞ்சம் வர முடியுமா?” என்றார். அழகப்பன் வந்து, வெளிச்சத்தில் நின்று, திறந்தான். டாக்டர் அளவுகோலை அவன் கண்முன் வைத்து மாணவர்களிடம் சொன்னார்: “ஒப்பிட்டுப் பாருங்கள். இது சாதாரணமான இமை. எல்லாருக்கும் இருப்பது.”

திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் கண்ணாடியில் தன் கண்களையே பார்த்துக்கொண்டு வந்தான். சிராங்கூன் ரோடு வந்ததும், “டாக்டர் அந்தக் காலத்து ஆளு” என்றான். டாக்டருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும்.

முத்துசாமி ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். மாறவேலன் வேடம் அழகப்பனுக்கு வந்தது. இருந்தும் அவன் முகத்தில் ராஜகளை தென்படாமைக்குக் காரணம், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க விடும் நேரம். அவன் போகும்போதெல்லாம் ரத்தினம்மாவும் சந்திரமதியும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ரத்தினம்மா ஆரஞ்சு உரித்தார். சந்திரமதி தலையணையைச் சரி செய்தாள். தொடையிலும் கட்டு, புருவத்திலும் கட்டுமாக முத்துசாமி, தன்னால் நாடகம் கெட்டதே என்று வருந்திக்கொண்டிருந்தான்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இங்க பாருங்க, மொதல்ல சாப்பிடுங்க” என்றாள் அவள். பிறகு எங்களைப் பார்த்து, “அண்ணே, நீங்களும் எடுத்துக்குங்க” என்றாள். இருவருக்கும் சேர்த்து ஓர் அண்ணே.

கட்டு அவிழ்த்தபின் இமை மேலே நின்றது. தூங்கும்போது அது முழுவதும் மூடவில்லை. கீழே ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. இந்தச் சிகிச்சையில் அது இயல்பென்றும், கண் உலர்ந்துபோகாமலிருக்க இரவில் களிம்பு போட்டுப் பிளாஸ்திரியால் மூடிக்கொள்ள வேண்டுமென்றும் நர்ஸ் சொல்லி அனுப்பினார். அழகப்பன் இதையும் தாங்கிக்கொள்ளவில்லை. “முன்னாடி திறக்கிறதுக்கு ஒட்டினான். இப்போ மூடுறதுக்கு ஒட்டுறான். அவன் கண்ணுக்கு மட்டும் எத்தனை கவனிப்பு பாரு” என்றான்.

ஆனால் ஆஸ்பத்திரி யாரும் எதிர்பாராத ஒன்றையும் செய்திருந்தது. முத்துசாமியின் தாடை இறங்கிவிட்டது. நேராகப் பார்த்தால் தெரிகிறது என்று ஆனபின் அதைத் தூக்கி என்ன செய்வது? கெர்போ ரோட்டில் பார்த்தவர்கள் அவன் இளைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சிலர் குட்டையாகிவிட்டான் என்றார்கள். திமிர் போய் மரியாதை வந்துவிட்டது என்று அடுத்த வீட்டுக்காரர் பாராட்டினார்.

ஒத்திகையில் நிலைமை மோசமாக இருந்தது. ராணி, “என்னைப் பாருங்கள், அரசே” என்று தொடங்குவாள். அழகப்பன் கண்களைத் திறப்பான். நானா தலையில் கை வைத்துக்கொள்வார்.

“ராஜா மாதிரி இல்லப்பா. கோழி திருடினவனைப் போலீஸ் கேள்வி கேக்குற மாதிரி இருக்கு.”

சந்திரமதி தயங்கித் தயங்கி யோசனை சொன்னாள். “அண்ணே, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க. அவங்க அப்படித்தான் நிப்பாங்க.”

ஒரே மூச்சில் அண்ணேயும் அவங்களும். அழகப்பன் கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான். “கண்ணு திறக்காதவன் நின்ன மாதிரி நான் நிக்கணுமா? இதுக்கு எதுக்கு எனக்கு ரெண்டு கண்ணு?” என்றான்.

நானா முத்துசாமியையே மறுபடி பெஞ்சில் ஏற்றிப் பார்த்தார். அவனும் முயன்றான். தாடையைத் தூக்கியதும், ராணியைக் காணக் கண்ணைத் தாழ்த்த வேண்டியிருந்தது; கண் தாழ்ந்தபோது கட்டிவைத்த இமை அதோடு சேர்ந்து இறங்காமல் மேலேயே நின்றது. பார்க்கச் சற்றுத் திகைத்த ராஜாவாக இருந்தது. சந்திரமதி சிரித்துவிட்டாள். முத்துசாமியும் சிரித்தான். நானா மட்டும் சிரிக்கவில்லை. எல்லாரையும் உட்கார வைத்து முடிவைச் சொன்னார்.

“அந்தக் காட்சியில ராஜாவைத் திரைக்குப் பின்னால உக்கார வச்சிடுவோம். ஜனங்க ராணியை மட்டும் பார்க்கட்டும். அழகப்பா, நீ உள்ளேருந்து ஒரு தடவை இருமினாப் போதும்.”

“முகமே தெரியாதா?”

“நாடகத்தன்னைக்கு உனக்கு ராஜா மாதிரி நிக்க வந்துச்சுன்னா திரையை எடுத்துடலாம்” என்றார் நானா. “வரலைன்னா இருமு.”

நாடக நாள் சாயங்காலம் பல்கலைக்கழக மண்டபம் நிறைந்துவிட்டது. தேக்காவிலிருந்து கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். திரையை விலக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் ரத்தினம்மா; பக்கத்தில் முத்துசாமி, இரண்டு கண்ணும் திறந்து, தாடை நேராக.

ராஜாவுக்குப் பவுடர் போட ஒப்பனை அறைக்குப் போனேன். அழகப்பன் கதவுக்கு முதுகைக் காட்டிக் கண்ணாடிமுன் நின்றிருந்தான். மேசைமேல் எங்கள் அறையில் இருக்க வேண்டிய ஒரு தகர டப்பி திறந்து கிடந்தது. முத்துசாமியின் பிளாஸ்திரி டப்பி. பக்கத்தில் கத்தரிக்கோல்.

நான் வந்ததைக் கண்ணாடியில் பார்த்தான். திரும்பினான். வலது மேலிமையில் நூல்போல வெட்டிய பிளாஸ்திரி. அது இமையைப் பாதிக் கண்மணி மறையும் அளவுக்குக் கீழே இழுத்து, கன்னத்தின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்திருந்தது. ஒழுங்காகச் செய்திருந்தான். பழகிய கை.

முகத்தை நீட்டினான். நான் பிளாஸ்திரிமேல் சந்தன நிறச் சாயம் தடவிப் பவுடர் போட்டேன். அவன் கண்ணில் நீர் வந்தது, ஒற்றி எடுத்தேன். கிரீடத்தை வைத்ததும் அது இமைக்குமேல் நிழல் போட்டது. கண்ணாடியில் தன்னைப் பார்க்க அவனுக்கு வேறு வழியில்லை. புருவத்தை ஏற்றினான். தாடையைத் தூக்கினான்.

“திரையை எடுக்கச் சொல்லு” என்றான்.

நான் பக்கவாட்டில், வசனக் காகிதத்தோடு நின்றேன். ராணி நுழைந்தாள். அரியணையில் மாறவேலன், அரைக்கண்ணால், உயரத்திலிருந்து. மண்டபத்தில் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நின்றது. அன்று முத்துசாமி ஏறி நின்ற பெஞ்சைச் சுற்றிக் கவிந்த அதே அமைதி. முன்வரிசையில் முத்துசாமி தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“என்னைப் பாருங்கள், அரசே” என்றாள் சந்திரமதி.

சொல்லும்போது அவள் முகம் அரியணைப் பக்கம் இருந்தது. கண்கள் முன்வரிசைப் பக்கம் இருந்தன. கிடைத்த சந்து வழியாக ராஜா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தாடையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.